காரைக்கால்மேடு

காரைக்கால்மேடு இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில், வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு மீனவ ஊர் ஆகும். இது காரைக்கால் நகரின் கிழக்கு விளிம்பில், அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துள்ளது. காவிரிக் கழிமுகத்தின் கடற்கரைக்கே உரிய மணல்மேடுகள், அவற்றின் பின்னுள்ள தாழ்நிலங்கள், ஆற்று முகத்துவாரம், அதை ஒட்டிய சேற்று நிலங்கள் ஆகியன இப்பகுதியின் முதன்மையான இயற்கைக் கூறுகள் ஆகும். நகர வளர்ச்சி, துறைமுக அமைப்புகள், ஆற்று வண்டலின் குறைவு ஆகியவற்றால் இந்நிலப்பரப்பு சுருங்கி வருகின்றது. ஊரின் பெயரிலேயே இடம்பெற்றுள்ள மேடுதான் இங்கு முதலில் மறைந்து வரும் நில வடிவமாகும்.

அமைவிடம்

காரைக்கால் மாவட்டம் ஏறத்தாழ 160 சதுர கி.மீ. பரப்பளவும் சுமார் 20 கி.மீ. நீளமான கடற்கரையும் கொண்டது. இதன் வடக்கே மயிலாடுதுறை மாவட்டமும், மேற்கே திருவாரூர் மாவட்டமும், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டமும் உள்ளன. இவை மூன்றும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. புதுச்சேரி நகரம் இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை 2,00,222 ஆகும். 2001ஆம் ஆண்டில் இது 1,70,791 ஆக இருந்தது.

காவிரியின் கிளையாறுகளான அரசலாறு, திருமலைராயனாறு, நண்டலாறு, வாஞ்சியாறு முதலியன இம்மாவட்டத்தின் வழியே பாய்கின்றன. இவற்றுள் அரசலாறு கும்பகோணம் பகுதியைக் கடந்து வந்து, காரைக்கால் நகரின் ஊடாகச் சென்று கடலை அடைகின்றது. பழைய இலக்கியங்களில் இது அரிசிலாறு என்று குறிப்பிடப்படுகின்றது.

பெயர்க் காரணம்

காரைக்கால் கடற்கரையில் மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, காரைக்கால்மேடு, கருக்களாச்சேரி, பட்டினச்சேரி, வடக்கு வாஞ்சூர் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. இவற்றுள் நான்கு ஊர்களின் பெயர்கள் 'மேடு' என்று முடிவது கவனிக்கத்தக்கது.

கோட்டுச்சேரி, காசாக்குடி, காரைக்கால் ஆகிய மூன்றும் கடலிலிருந்து சற்று உள்ளே அமைந்த ஊர்கள். அவ்வவ் ஊருக்கு நேர் கிழக்கே கடலோரத்தில் உயர்ந்திருந்த மணல்மேட்டின் மீது ஏற்பட்ட மீனவக் குடியிருப்பு, உள்ளூரின் பெயருடன் மேடு என்னும் சொல்லைச் சேர்த்து அழைக்கப்பட்டது எனக் கொள்ளலாம். கிளிஞ்சல்மேடு என்னும் பெயர் கிளிஞ்சல்கள் குவிந்த மேட்டைக் குறிக்கின்றது. காசாக்குடி மிகப் பழைய ஊராகும். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடுகள் 1879ஆம் ஆண்டில் இங்கு கண்டெடுக்கப்பட்டன.

நில அமைப்பு

காவிரிக் கழிமுகம் ஆற்று வண்டல் படிந்து உருவான சமதளம் ஆகும். இச்சமதளத்தில் கடலை ஒட்டி நிற்கும் மணல்மேடுகளே குறிப்பிடத்தக்க உயரங்கள். ஆறு கொண்டுவரும் மணலைக் கடல் நீரோட்டம் கரை நெடுகிலும் பரப்புகின்றது. அலைகள் அதைக் கரையில் ஒதுக்குகின்றன. காய்ந்த மணலைக் காற்று உள்நோக்கி வீசுகின்றது. வழியில் ஒரு கொடியோ புல்லோ குறுக்கிடும்போது காற்றின் வேகம் குறைந்து மணல் அங்கே தங்குகின்றது. மணல் மூட மூட அச்செடிகள் மேலெழுந்து வளர்வதால் மேடும் உயர்கின்றது. எனவே மணல்மேடு என்பது வெறும் மணற்குவியல் அன்று. தாவரத்தாலும் காற்றாலும் தொடர்ந்து கட்டப்படும் ஓர் அமைப்பு ஆகும்.

மேட்டின் மேற்கே பள்ளமான தாழ்நிலங்களும், அவற்றுக்கு அப்பால் நெல்வயல்களும் அமைவது இக்கடற்கரையின் பொதுவான ஒழுங்கு. மழைக்காலத்தில் தாழ்நிலங்களில் நீர் தேங்கி நிற்கும். வடகிழக்குப் பருவமழையே இப்பகுதிக்கு முதன்மையானது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் பெய்கின்றது.

நன்னீர்

மணல்மேட்டில் பெய்யும் மழைநீர் ஓடிவிடாமல் உள்ளிறங்குகின்றது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது ஆகையால், அது நிலத்தடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீரின் மட்டம் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கொள்கையளவிலான கணக்கு. இது கைபன்-எர்சுபர்க் விதி எனப்படுகின்றது. கடலுக்கு மிக அருகிலும் மணலில் சில அடி தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறுவதற்கு இதுவே காரணம்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் பொருந்தும். மேட்டைச் சமப்படுத்துவதாலோ நீரை அளவுக்கு மீறி இறைப்பதாலோ நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் பல மடங்கு மேலெழக்கூடும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853ஆம் ஆண்டு முதல் கடலோர மணற்குன்றுகளிலிருந்து குடிநீர் பெற்று வருகின்றது. அக்குன்றுகள் நீர்த்தேக்கமாகவும் கடலுக்கு எதிரான அரணாகவும் ஒருங்கே பேணப்படுகின்றன.

தாவரங்கள்

கடலுக்கு மிக அருகில் அடம்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் வளர்கின்றன. அடம்பு தரையோடு படர்ந்து, கணுக்கள் தோறும் வேர்விட்டு மணலைப் பிணைக்கின்றது. அதன் இலை இரு பிளவாகவும், பூ ஊதாச் சிவப்பாகவும் இருக்கும். இராவணன் மீசையின் முள் போன்ற இலைகள் உப்புக் காற்றையும் மணல் வீச்சையும் தாங்குபவை. முற்றிய அதன் உருண்டையான விதைக்கதிர் முறிந்து, காற்றில் கரை நெடுகிலும் உருண்டு சென்று விதைகளைப் பரப்புகின்றது.

மேட்டின் பின்புறத்தில் தாழை, பனை, புன்னை, பூவரசு போன்றவை வளரக்கூடியன. அடும்பு, தாழை, புன்னை ஆகியன சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்தின் தாவரங்களாக இடம்பெற்றவை. தற்காலத்தில் கடற்கரையில் பரவலாகக் காணப்படும் சவுக்கு, பின்னாளில் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரமாகும்.

அரசலாற்றின் கழிமுகப் பகுதியில், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் சேற்றுக் கரைகளில் அலையாத்தி மரங்கள் சிறு திட்டுகளாகக் காணப்படுகின்றன. சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் இவற்றின் அடையாளம். உவர் நிலங்களில் உமரி வளர்கின்றது.

விலங்குகளும் பறவைகளும்

முகத்துவாரங்கள் பல கடல் உயிரினங்களின் நாற்றங்கால்களாக விளங்குகின்றன. மடவை, கொடுவா முதலிய மீன்களும் இறால்களும் தம் இளம் பருவத்தைக் கழிமுகத்தின் அமைதியான நீரில் கழிக்கின்றன. எனவே கழிமுகத்தின் நிலை கடலில் கிடைக்கும் மீன்வளத்தையும் பாதிக்கின்றது.

சோழமண்டலக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ சனவரி முதல் ஏப்ரல் வரை, பெண் ஆமை இரவில் கரையேறி, உயர் அலைக்கோட்டுக்கு மேல் குழி தோண்டி, சராசரியாக 100 முட்டைகள் வரை இடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை வெளிச்சத்தை நோக்கிச் செல்பவை. இயற்கையான சூழலில் அந்த வெளிச்சம் கடற்பரப்பிலிருந்து வரும். கரையில் மின்விளக்குகள் எரியும்போது குஞ்சுகள் எதிர்த்திசையில் சென்று இறந்துபோகின்றன. உயரமான மணல்மேடு ஊர் விளக்குகளை மறைக்கும் திரையாகவும் பயன்படுகின்றது. இந்த ஆமை வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

இக்கடற்கரை நடு ஆசிய வலசைப் பாதையில் அமைந்துள்ளது. தெற்கேயுள்ள கோடியக்கரைக்கு வலசை வரும் கரைப்பறவைகள் இப்பாதையைச் சேர்ந்தவை. கோடியக்கரை 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரசலாற்று முகத்துவாரம் போன்ற சிறு சேற்று நிலங்களுக்கு அத்தகைய தனித் தகுதி எதுவும் இல்லை. எனினும், நீண்ட பயணத்தின் இடையில் பறவைகள் இரை தேடவும் இளைப்பாறவும் இவை போன்ற இடங்கள் பல தேவைப்படுகின்றன.

மக்களும் கடற்கரையும்

காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தமிழர்கள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் முதலிய பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

மீனவர்க்கு மணற்பரப்பு ஒரு தொழிற்கூடம் ஆகும். கட்டுமரங்களை ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும், வலை பழுது பார்க்கவும், கருவாடு காயவைக்கவும், கரைவலை இழுக்கவும் அது பயன்பட்டது. கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள் பிடித்துவிட்ட பின்னரும் இத்தேவை குறையவில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றை அதன் திசையால் பிரித்தறியும் கடலோர வழக்கு, மணலின் போக்கையும் சேர்த்தே அறிவிப்பது. சோளகக் காற்றுக் காலத்தில் கரையோர மணல் வடக்கே நகரும். வாடைக் காலத்தில் தெற்கே நகரும். ஆண்டு முழுவதற்குமான கணக்கில் சோழமண்டலக் கடற்கரையில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்வது இப்பகுதியின் சிறப்பான விழாவாகும். மீனவர்கள் பெருமாளைத் தங்கள் ஊர் மாப்பிள்ளையாகக் கருதி வரவேற்கின்றனர். அகன்ற மணற்கரை இல்லாமல் இவ்விழாவை எண்ணிப் பார்க்க இயலாது.

2004 ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் காரைக்கால் பகுதியில் 480க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி உள்ளிட்ட மீனவ ஊர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

இப்பேரிடருக்குப் பின் கடலோரத் தாவரங்களும் நில உயரமும் அளித்த பாதுகாப்புப் பற்றி ஓர் அறிவியல் விவாதம் நிகழ்ந்தது. பரங்கிப்பேட்டைக் கடற்கரையிலுள்ள 18 குடியிருப்புகளை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன், இராசேந்திரன் ஆகியோர், அலையாத்திக் காடுகள் உயிரிழப்பைக் குறைத்தன என 2005ஆம் ஆண்டில் எழுதினர. அதே தரவுகளை மறு ஆய்வு செய்த வேறு ஆய்வாளர்கள், குடியிருப்பின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகின்றன என 2006ஆம் ஆண்டில் சுட்டினர். காட்டின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தாலும், நில உயரம் முக்கியமானது என்பதில் இரு தரப்புக்கும் ஐயம் இல்லை. பழைய மீனவர்கள் மேட்டைத் தேர்ந்து குடியேறியதை இம்முடிவு நினைவூட்டுகின்றது.

ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகள் பெரும்பாலும் கரையிலிருந்து தள்ளி அமைக்கப்பட்டன. தமிழ்நாடு, புதுச்சேரிக் கடற்கரைகளில் சவுக்குத் தோப்புகளும் பெருமளவில் உருவாக்கப்பட்டன. சவுக்கின் நிழலும் அடர்ந்த சருகும் அடம்பு போன்ற இயல்பான தாவரங்களை வளரவிடுவதில்லை என்றும், அலைக்கோட்டை ஒட்டி நடப்படும்போது ஆமைகள் முட்டையிடும் இடம் குறைகின்றது என்றும் சூழலியலாளர் சிலர் இதைக் குறை கூறினர்.

இயற்கைப் பரப்பு சுருங்குவதற்கான காரணங்கள்

1. வண்டல் குறைவு: காவிரியில் கிருட்டிணராச சாகர் அணை 1930களின் தொடக்கத்திலும் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. அணைகள் நீரை மட்டுமன்றி வண்டலையும் தடுத்து நிறுத்துகின்றன. ஆற்றுப் படுகையில் மணல் அள்ளப்படுவதும் இதனுடன் சேர்கின்றது. கழிமுகக் கடற்கரைக்கு ஆறே மணல் ஊட்டுவதால், ஊட்டம் குறையும்போது அலை அரிக்கும் மணலை ஈடு செய்ய இயலாமல் போகின்றது.

2. கடலுக்குள் நீளும் கற்சுவர்கள்: முகத்துவாரங்களிலும் துறைமுகங்களிலும் கட்டப்படும் அலைத்தடுப்புச் சுவர்கள் கரையோர மணல் நகர்வை மறிக்கின்றன. இதனால் சுவரின் தென்புறம் மணல் சேர்வதும் வடபுறம் கரை அரிக்கப்படுவதும் சோழமண்டலக் கடற்கரையின் பொது அனுபவம். அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் உள்ளது. மாவட்டத்தின் தென்கோடியில் வாஞ்சூர் அருகே காரைக்கால் துறைமுகம் 2009ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது.

3. மேடுகளைச் சமப்படுத்தல்: சாலை, கட்டடம், பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றுக்காக மணல்மேடுகள் சிறிது சிறிதாகச் சமப்படுத்தப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் எடுக்கப்படும் பரப்பு சிறியது. ஆனால் மேட்டில் ஏற்படும் ஓர் இடைவெளி, புயல் அலை உள்ளே நுழையும் வாயிலாக மாறிவிடுகின்றது. 2008ஆம் ஆண்டில் நிசா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. 2018ஆம் ஆண்டில் கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது.

4. இறால் பண்ணைகள்: 1990களில் காவிரிக் கழிமுகக் கடற்கரையில் இறால் வளர்ப்பு விரைவாகப் பரவியது. வயல்களும் நிலத்தடி நீரும் உவராகின்றன எனக் கூறி, சர்வோதயத் தலைவர் எசு. செகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் குளங்களை அமைக்க அத்தீர்ப்பு தடை விதித்தது. பின்னர் 2005ஆம் ஆண்டில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இத்தொழிலை வேறு வகையில் ஒழுங்குபடுத்தியது.

கரை அரிப்பு

1990 முதல் 2016 வரையான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசியக் கடலோர ஆய்வு மையம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. தமிழ்நாட்டில் இது 41 விழுக்காடு ஆகவும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 57 விழுக்காடு ஆகவும் இருந்தது.

புதுச்சேரி நகரின் கடற்கரை இதற்கு ஒரு பாடமாக விளங்குகின்றது. 1980களின் இறுதியில் அங்கு துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின் நகரின் மணற்கரை மறைந்தது. கருங்கற்கள் கொட்டப்பட்ட சுவரே கடற்கரையாயிற்று. 2018ஆம் ஆண்டில் கடலடியில் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டின் உதவியால் கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. இழந்த மணற்கரையில் ஒரு பகுதியை மீட்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

சட்டப் பாதுகாப்பு

இந்தியக் கடற்கரைகளுக்கான ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலாக 1991 பெப்ரவரி 19 அன்று வெளியிடப்பட்டது. 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் புதிய அறிவிக்கைகள் அதற்குப் பதிலாக வந்தன. மணல்மேடுகள், அலையாத்திக் காடுகள், உவர்ச் சதுப்புகள், ஆமைகள் முட்டையிடும் இடங்கள் ஆகியன இவற்றில் மிக உயர்ந்த பாதுகாப்புடைய முதல் வகையில் அடங்குகின்றன. அதே வேளையில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதியின் அகலத்தை 2019ஆம் ஆண்டு அறிவிக்கை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது.

இப்பாதுகாப்பு நடைமுறையில் பயன்பட வேண்டுமாயின், மேடு எது என்பது கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கனவே பாதி சமப்படுத்தப்பட்ட மேடு வரைபடத்தில் வெற்று மணல்வெளியாகவே தோன்றும்.

காரைக்காலின் ஆட்சி அமைப்பும் இதனைச் சிக்கலாக்குகின்றது. மாவட்டத்தின் ஆறுகள் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. கரையோர மணல் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்து, தமிழ்நாட்டுக் கடற்கரைக்கே செல்கின்றது. ஆனால் இடைப்பட்ட 20 கி.மீ. மட்டும் வேறொரு நிருவாகத்தின் கீழ் உள்ளது. தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டில் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அதே கழிமுகத்தைச் சேர்ந்த காரைக்காலுக்குப் பொருந்தாது என்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

மீனவர்களின் தேவைகளும் இதில் கருதத்தக்கவை. பெருகும் குடும்பங்களுக்கு வீடும், விசைப்படகுகளுக்குத் துறைமுகமும் தேவைப்படுகின்றன. தொழிலின் பொருட்டுக் கடலை விட்டு வெகுதூரம் செல்ல அவர்களால் இயலாது. மேட்டைக் காப்பதால் முதலில் பயனடைவோரும், மேட்டில் இடம் தேவைப்படுவோரும் ஒரே மக்களே.

பார்வையிடல்

காரைக்கால் நகரிலிருந்து அரசலாற்றின் கரையை ஒட்டிச் செல்லும் சாலை கடற்கரையை அடைகின்றது. வலசைப் பறவைகளைக் காண டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான காலம் ஏற்றது. கடல்நீர் வற்றும் வேளையில் வெளிப்படும் சேற்றுப் பரப்புகளில் உள்ளான்கள் இரை தேடும். அதிகாலையில், காற்றும் காலடிகளும் கலைக்கும் முன், மணலில் நண்டு வளைகளையும் பறவைகளின் தடங்களையும் காணலாம்.

அடம்பங்கொடிகளின் மீது வண்டி ஓட்டுவதும் அவற்றைப் பிடுங்குவதும் மணலைத் தளர்த்திவிடும். ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவில் கைவிளக்கு, ஒளிப்படக் கருவியின் மின்னொளி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முட்டைகளைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிப்பது முறையாகும். வலை உலர்த்தும் இடங்கள் மீனவர்களின் பணியிடங்கள் ஆகையால், அவற்றின் மீது நடப்பதும் தவிர்க்கத்தக்கது.

இவற்றையும் பார்க்க

காரைக்கால் மாவட்டம்
அரசலாறு
காவிரிக் கழிமுகம்
நெய்தல்
அலையாத்தித் தாவரங்கள்
பங்குனி ஆமை
கோடியக்கரை